ஷீட் கொட்டகையில் பல்லிக்கு ஓர் இருப்பிடம்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம் வட்டாரத்தில் ஓலை வேய்ந்த மாட்டுக் கொட்டகைகள் அருகி வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. நிலத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள அரை ஏக்கரையும் இரண்டு மூன்று கறவை மாடுகளையும் வைத்துக்கொண்டு பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. இவர்கள் ஓலையைப் பிரித்துவிட்டு சிமென்ட் ஷீட் அல்லது தகரம் போட்டு, ஹாலோ பிளாக் சுவரைப் பூசி மெழுகிவிட்டார்கள். கொட்டகை சுத்தமாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் விளக்கு போட்டதும் பூச்சி மொய்க்கிறது, மாடு இரவெல்லாம் வாலை அடித்துக் காலை உதைக்கிறது என்று சொல்கிறார்கள்.

பழைய கொட்டகையிலும் பூச்சி இருந்தது. அதைத் தின்னப் பல்லியும் இருந்தது. ஓலை மடிப்பிலும் நாட்டு ஓட்டின் அடியிலும் மூங்கில் துளையிலும் பகலில் ஒளிந்திருந்து, இருட்டியதும் சுவருக்கு வரும். புதிய கொட்டகையில் அது பகலில் ஒளிய ஓர் இடுக்கு கூட இல்லை. மே மாத வெயிலில் ஷீட்டின் அடிப்பக்கம் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. இருக்க இடமில்லாத பிராணி எப்படித் தங்கும்?

பல்லியை வளர்ப்பதற்குக் கூண்டும் வேண்டாம், தீனியும் வேண்டாம். இருப்பிடம் அமைத்துக் கொடுத்து, விஷம் படாமல் பார்த்துக்கொண்டால் தானாகவே வந்து தங்கும். வேறு இடத்திலிருந்து பிடித்து வந்து விட வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் இருப்பது ஒரு மழைக்காலத்திற்குள் வந்து சேர்ந்துவிடும்.

எது எதைத் தின்னும்?

நம் பக்கத்துக் கொட்டகைகளில் சாதாரணமாகக் காண்பது வீட்டுப் பல்லி. "ச்சக் ச்சக்" என்று சத்தம் கொடுப்பது இதுதான். வேலியோரத்து வேப்ப மரத்திலும் பனை மரத்திலும் பட்டையின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய பல்லி மரப்பல்லி. மூன்றாவதாக ஒன்று உண்டு. வரப்போரத்துக் கல்லின் அடியிலும் கரையான் புற்றிலும் இருக்கும். முதுகில் குறுக்காக வெளிர் பட்டைகள் இருப்பதால் இதைக் கண்டதும் விஷ ஜந்து என்று மண்வெட்டியால் அடித்துவிடுகிறார்கள். இது புற்றுப் பல்லி. கரையான் இதற்கு நல்ல தீனி. நம் ஊர்ப் பல்லி எதற்கும் விஷப் பல் கிடையாது. நம் ஊர்ப் பல்லியைத் தொட்டாலும் அது மேலே விழுந்தாலும் விஷம் ஏறாது.

பல்லி விழுந்த பலனைப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதும், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு தோஷம் கழித்து வருவதும் நம் வட்டாரத்து வழக்கம். அந்தப் பயபக்தியால்தான் நம் வீடுகளில் பல்லி இத்தனை காலம் அடிபடாமல் தப்பியது என்று கூடச் சொல்லலாம்.

கொசு, அந்துப்பூச்சி, ஈசல், சிறு கரப்பான், சில்வண்டு, சிலந்தி இவை பல்லியின் உணவு. நெல் வயலில் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சியும் விளக்கைத் தேடி வருவதுதான். விளக்குப்பொறி வைப்பது இந்தக் குணத்தை நம்பித்தானே. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பல்லி இரவில் இரை தேடும் பிராணி. பகலில் மாட்டின் கண்ணிலும் மடியிலும் மொய்க்கும் ஈயை அது குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஈ முட்டையிட்டு அடுத்த தலைமுறை ஈ பறப்பதற்கு வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாள் போதும். சாணத்தை அன்றன்றே அள்ளிக் கொட்டகைக்குத் தூரத்தில் குழியில் போட்டு மூடுவதுதான் அதற்கு வழி. உண்ணிக்கும் பல்லி மருந்தல்ல. பல்லி இருக்கிறது என்று கொசு வலையைச் சுருட்டி வைத்துவிடவும் கூடாது. இரவுப் பூச்சியில் ஒரு பங்கைச் செலவில்லாமல் குறைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சிறு விவசாயிக்கு அதுவும் லாபம்.

இடுக்குப் பலகை செய்யும் முறை

ஒன்றரை அடி நீளமும் அரை அடி அகலமும் உள்ள பழைய பலகை ஒன்று போதும். பேக்கிங் பெட்டிப் பலகையாக இருந்தால் கம்பெனியில் மருந்து அடித்த வாடை இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். பலகையின் ஒரு பக்கத்தில், நீளவாட்டில் இரண்டு ஓரத்திலும், மேல் விளிம்பிலும் அரை அங்குலக் கனமுள்ள ரீப்பர் கட்டைகளை அடியுங்கள். கீழ் விளிம்பு திறந்தே இருக்கட்டும். ரீப்பர் அடித்த பக்கம் சுவரைப் பார்க்குமாறு ஆணியடித்து மாட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் அரை அங்குல இடுக்கு கிடைக்கும். முதுகும் வயிறும் இரண்டு பக்கமும் உரசும்படியான இடத்தில்தான் பல்லி தைரியமாகத் தங்கும். இடுக்கை ஓர் அங்குலத்திற்கு மேல் அகலமாக வைத்தால் சுண்டெலி குடியேறிவிடும்.

மேல்பக்கத்தை அடைப்பது எதற்கென்றால், ஷீட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும் குப்பையும் உள்ளே விழாமல் இருப்பதற்காக. கீழே திறந்திருப்பதால் எச்சம் தானாக வெளியே விழுந்துவிடும். பலகை கிடைக்காதவர்கள் இரண்டாகப் பிளந்த மூங்கிலைக் கவிழ்த்துக் கட்டலாம். உடைந்த நாட்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துச் சுவரின் மாடத்தில் அடுக்கினாலும் ஆகும்.

எந்தச் சுவரில் மாட்டுவது என்பதில்தான் கவனம் தேவை. மேற்குச் சுவர் கூடாது. பிற்பகல் வெயில் முழுவதும் அதில் விழும். கிழக்கு அல்லது வடக்குச் சுவர் நல்லது. கூரையை ஒட்டி மாட்டாமல் இரண்டடியாவது கீழே இறக்கி மாட்டுங்கள். சூடு நாற்பது டிகிரிக்கு மேல் போனால் பல்லி நெடுநேரம் தாங்காது. தகரத்தை ஒட்டிய இடம் சித்திரை வைகாசியில் அதைத் தாண்டிவிடும். தரையிலிருந்து ஐந்தடிக்குக் குறையக் கூடாது. கோழிக்குப் பல்லி என்றால் உயிர், கொத்தி விழுங்கிவிடும். பூனையும் அப்படித்தான்.

கழுநீர்த் தொட்டி, தவிட்டு மூட்டை, பால் கறக்கும் இடம் ஆகியவற்றுக்கு நேர் மேலே மட்டும் எக்காரணம் கொண்டும் மாட்டக் கூடாது.

இரண்டு மூன்று மாடு கட்டும் கொட்டகைக்கு நான்கு பலகைகள் போதுமானவை. அவற்றை ஒரே இடத்தில் வரிசையாக வைக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள். ஆண் பல்லி தன் எல்லைக்குள் இன்னொரு ஆணை விடாது. ஒரே மூலையில் வைத்தால் ஒன்று மற்றவற்றை விரட்டிவிட்டு, மீதிப் பலகைகள் காலியாகக் கிடக்கும்.

விளக்கும் தண்ணீரும்

மாட்டின் தலைக்கு மேல் வெள்ளை பல்பை எரியவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பூச்சியை நாமே அழைத்து மாட்டின் மேல் விடுகிறோம். வெள்ளை வெளிச்சத்திற்கு வருவதைவிட மஞ்சள் வெளிச்சத்திற்குப் பூச்சி குறைவாகவே வரும். கொட்டகைக்குள் மஞ்சள் பல்பு போடுங்கள். வெளிச்சுவரில், இடுக்குப் பலகைக்கு இரண்டு மூன்று அடி தள்ளி, சிறிய வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றைப் போட்டு முன்னிரவில் இரண்டு மூன்று மணி நேரம் எரியவிடலாம். பூச்சி அங்கே போகும், பல்லியும் அங்கே போகும். ஒரு கொட்டகையில் இப்படி மாற்றிய பிறகு, பல்பைச் சுற்றி ஐந்து பல்லிகள் தலையை ஒரே பக்கம் வைத்துக் காத்திருந்ததைப் பார்த்தேன். கம்பெனிக் கோபுர விளக்கின் வெளிச்சம் விழும் ஓரத்து வயல்காரர்கள் வயல் பக்கத்துச் சுவரில் பல்பு போட வேண்டாம்.

பல்லி கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பதைவிடச் சுவரில் படிந்த துளியை நக்கிக் குடிப்பதே அதிகம். வெயில் காலத்தில் சாயங்காலம் ஒரு கோணிப்பையை நனைத்துச் சுவரோரம் தொங்கவிடுங்கள். மாட்டுக்கும் குளிர்ச்சி. பல்லி தோல் உரிக்கும்போது ஈரப்பதம் இல்லாவிட்டால் பழைய தோல் விரல்களில் சுற்றி இறுகிக்கொள்ளும். சுவரில் ஒட்டுவதற்கு உதவுவது விரலின் அடியிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள்தான், பசை எதுவும் இல்லை. தோல் இறுகிய விரல் ஒட்டாது. பல்லி அடிக்கடி கீழே விழும்.

மருந்தடிக்கும்போது

உண்ணிக்கும் ஈக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளைக் கொட்டகை முழுவதும் தெளித்துவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. சுவரில் பட்ட மருந்து பல்லியின் காலில் ஏறும். மருந்து பட்டுத் தள்ளாடும் பூச்சியைத்தான் பல்லி முதலில் பிடித்துத் தின்னும். விஷம் இரண்டு வழியிலும் சேர்ந்து, அடுத்த வாரம் சுவரடியில் பல்லி செத்துக் கிடக்கும். அதன் பிறகு பூச்சி முன்னைவிட அதிகமாக வருகிறது என்று மறுபடி மருந்து வாங்க ஓடுகிறோம்.

மாட்டுக்கு மருந்து போட வேண்டியிருந்தால் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மாட்டின் மேல் போடுங்கள். உண்ணி ஒளிந்திருக்கும் தரை வெடிப்பிலும் சுவரடியிலும் மூன்றடி உயரம் வரை தெளிக்கலாம். அதற்கு மேலுள்ள சுவரைத் தொட வேண்டாம். சுண்ணாம்பு அடிப்பதானால் பலகையை மெதுவாகக் கழற்றி வைத்து, சுவர் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

பாலும் பல்லியும்

பள்ளிக்கூடச் சாப்பாட்டில் பல்லி விழுந்தது, பிள்ளைகளுக்கு வாந்தி என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. விஷமில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் கெடுதல் இல்லை என்று சொல்லவில்லை. பல்லியின் எச்சத்திலும் தோலிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும். பல்லி விழுந்த பாலை நஷ்டம் பாராமல் கொட்டிவிடுங்கள். தெரிந்தே சொசைட்டிக்கு ஊற்றினால் ஊர்ப் பாலெல்லாம் ஒரே கேனில் சேர்ந்துவிடும். தெரியாமல் குடித்துவிட்டால் பயப்படாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கறந்தவுடன் வடிகட்டி மூடி போடுவது, காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது, தவிடு பிண்ணாக்கை மூடியுள்ள டிரம்மில் வைப்பது, கறப்பதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது இவற்றைச் செய்தால் கொட்டகையில் பத்துப் பல்லி இருந்தாலும் பாலுக்குப் பாதகமில்லை. இதைச் செய்ய முடியாதவர்கள் இடுக்குப் பலகையைக் கொட்டகையின் வெளிச்சுவரில் மட்டும் மாட்டுவது புத்திசாலித்தனம்.

இன்னோர் இடத்திலும் பல்லி வரக் கூடாது. அது பம்பு செட்டின் ஸ்டார்ட்டர் பெட்டி. சூடும் இருட்டும் தேடி உள்ளே போய், காண்டாக்டின் நடுவில் நசுங்கிச் சாகும். ஒரு பேஸ் சேராமல் மோட்டார் உறுமி, காயில் எரிந்தால் ரீவைண்டிங் செலவு யார் தலையில்? ஒயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி எம்-சீல் வைத்து அடையுங்கள். பெட்டியைத் திறக்கும் முன் மெயினை அணைக்க மறக்க வேண்டாம்.

"பல்லி வந்தால் அதைத் தின்னப் பாம்பு வருமே" என்று பெண்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பல்லியைத் தேடிச் சுவரேறும் பாம்பு ஒன்று உண்டு. நூல்களில் ஓநாய்ப் பாம்பு என்று சொல்வார்கள். அதற்கு விஷமில்லை. ஆனால் பார்வைக்குக் கட்டுவிரியனைப் போலவே வெள்ளை வளையங்களோடு இருக்கும். இருட்டில் இரண்டையும் பிரித்தறிய நம்மால் ஆகாது. ஆகவே எதையும் கையால் தொடாதீர்கள். இடுக்குப் பலகைக்குப் பின்னால் விரலை விடாதீர்கள், கழற்றும் முன் குச்சியால் தட்டுங்கள். நாகத்தை வரவழைப்பது பெரும்பாலும் எலிதான். அதற்குத் தவிட்டு மூட்டையைக் கவனிக்க வேண்டும்.

முட்டையும் ஒட்டுப் பொறியும்

வீட்டுப் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டைகள் இடும். பட்டாணி அளவில், வெள்ளையாக, ஓடு கெட்டியாக இருக்கும். குஞ்சு வர ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். பழைய ஓட்டைப் பிரிக்கும்போது முட்டை தென்பட்டால் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே மேலே இருக்கும்படி எடுக்க வேண்டும். உருட்டினால் உள்ளே கரு அழுகிவிடும். உலர்ந்த மணல் போட்ட கொட்டாங்கச்சியில் வைத்து, எறும்பு ஏறாத நிழலான மாடத்தில் வைத்துவிடுங்கள்.

எலிக்கு வைக்கும் பசை அட்டையில் பல்லி ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், தோல் கிழிந்துவிடும். கடலை எண்ணெயை அல்லது தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் காலடியில் விட்டு, கோழி இறகால் மெல்ல நெம்பினால் பசை விட்டுக்கொடுக்கும். மூக்கில் எண்ணெய் படக் கூடாது. எண்ணெய்க் காலோடு அது சுவர் ஏற முடியாது. துணியால் ஒற்றியெடுத்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் அந்தியில் விடலாம். வால் அறுந்திருந்தால் கவலை வேண்டாம், மறுபடி வளரும். ஆனால் புது வாலில் எலும்புக்குப் பதில் குருத்தெலும்புதான் இருக்கும். வாலில் சேர்த்து வைத்த கொழுப்பும் போய்விடுவதால் சில வாரம் இளைத்துக் காணும்.

கண்ணாடித் தொட்டியில் பல்லி

ஒரகடம், மாத்தூர், வல்லம் பக்கம் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் விவசாயிகளுக்கு ஒரு புதுமை காணக் கிடைக்கிறது. கம்பெனிக்கு வேலைக்கு வந்த பையன்கள் சிலர் புள்ளி போட்ட வெளிநாட்டுப் பல்லியைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள். சிறுத்தைப் பல்லி என்று பெயர். இது சுவர் ஏறாது, தரையில் வாழ்வது. தொட்டியின் ஒரு பக்கம் முப்பது டிகிரிக்குச் சற்று மேல் சூடும், மறுபக்கம் குளிர்ச்சியும், இரண்டு பக்கமும் ஒளிய மறைவும், ஈரமான ஒரு மூலையும் வேண்டும். உயிருள்ள சில்வண்டும் புழுவும் தின்னும். அவற்றின் மேல் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிக் கொடுக்காவிட்டால் எலும்பு மெலிந்து கால் வளைந்துபோகும். பதினைந்து வருஷத்திற்கு மேல் கூட உயிர் வாழும். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் பையனுக்கு இது சின்னப் பொறுப்பல்ல. நம் ஊரில் சூடு காட்டுவதைவிடச் சூட்டைத் தணிப்பதே பெரிய வேலை. ஷீட் கூரை அறையில் மே மாதம் தொட்டியை வைத்தால் பல்லி வெந்துவிடும். வயலில் பிடித்த வெட்டுக்கிளியைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நீங்கள் நேற்று அடித்த மருந்து அதில் இருக்கும்.

நம் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு வீட்டுப் பல்லியைப் பாட்டிலில் போடுகிறார்கள். அது இரண்டே நாளில் செத்துப்போகும். பாட்டிலில் காற்றோட்டமில்லை, நக்கத் துளியில்லை, செத்த பூச்சியை அது தொடுவதுமில்லை. குழந்தைக்குப் பார்க்க ஆசையென்றால் இரவில் டார்ச் அடித்து இடுக்குப் பலகையைக் காட்டுங்கள். இமை இல்லாத கண்ணை அது நாக்கால் துடைத்துக்கொள்வதைப் பார்த்தால் பிள்ளை பாட்டிலை மறந்துவிடும்.

லட்ச ரூபாய்ப் பல்லி

பல்லி பிடித்துக் கொடுத்தால் லட்சக்கணக்கில் பணம் என்று யாராவது வந்தால், மண்ணுளிப் பாம்பு விவகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரட்டைத் தலைப் பாம்பு என்று சொல்லி முன்பணம் வாங்கி ஏமாற்றிய அதே வித்தைதான். இவர்கள் சொல்வது டோக்கே என்ற பெரிய பல்லி. நம் நாட்டில் அது வடகிழக்கு மாநிலங்களில் இருக்கிறது, தமிழ்நாட்டுக் காட்டில் கிடையாது. எய்ட்ஸ் நோய்க்கு அது மருந்து என்று ஒரு புரளி கிளம்பி விலை ஏறியது. அதற்கு ஆதாரமில்லை என்று பிலிப்பைன்ஸ் அரசு 2011-இலேயே எச்சரித்தது. 2019-இல் அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்தின்படி அது முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலோ விற்றாலோ குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறைத் தண்டனை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

நம் மரப்பல்லியைக் காட்டி "இதன் எடை கூடினால் விலை கூடும்" என்று சொல்லி, வளர்க்க முன்பணம் கேட்பவரும் இருக்கலாம். வெளிநாட்டுப் பல்லி வளர்த்து விற்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பணம் கட்டுமுன் அது எந்த இனம், அதற்கு என்ன பதிவு வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் கைமாறும் பிராணிக்குப் பில் கிடைக்காது. பில் இல்லாத பிராணி உங்கள் வீட்டில் இருந்தால், வாடகைக்கு வந்த பையன் ஊருக்குப் போன பிறகு பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அப்படி விட்டுப்போன பல்லியை ஏரிக்கரையில் கொண்டுபோய் விடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.